முத்துப்பிரியா கல்லூரி சேர்ந்த வருஷம்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று அன்னக்கொடி மகளின் வாயில் ஒரு கை சீனியை அள்ளிப் போட்டாள். பிறகு உள்ளே நின்றபடியே, "ஏ இருளம்மா, எம் மக நல்ல மார்க்கு வாங்கிட்டாடி!" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சத்தம் கொடுத்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்துதான். வேறு எந்த அம்மாவாக இருந்தாலும் ஓடிப் போய்ச் சொல்லியிருப்பாள். அன்னக்கொடியால் முடியாது. அவள் வீட்டை விட்டு வெளியே கால் வைத்து வருஷக்கணக்காகிறது.

போடியில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கிற அந்தத் தெருவில் இது தெரியாதவர்கள் கிடையாது. ஒரு காலத்தில் அந்தத் தெருவிலேயே வீட்டில் கால் தரிக்காதவள் அன்னக்கொடிதான். அவள் புருஷன் உக்கிரபாண்டிக்குப் போடிமெட்டுக்கு அப்பால், கேரளப் பக்கத்துச் சரிவில், கொஞ்சம் ஏலத்தோட்டம் உண்டு. திங்கட்கிழமை மேலே ஏறினால் சனிக்கிழமைதான் இறங்குவார். காய் எடுக்கிற மாதங்களில் அன்னக்கொடியும் விடிவதற்கு முன்னால் வேலைக்குப் போகும் பெண்களோடு ஜீப்பில் ஏறிப் போய், எடுப்பைப் பார்த்துக்கொண்டு, சாயங்காலம் அதே ஜீப்பில் திரும்புவாள். அப்படி ஒரு ஐப்பசி மழையில் இறங்கி வரும்போது கொண்டை ஊசி வளைவில் ஜீப்பு கவிழ்ந்தது. அன்னக்கொடிக்குக் காறை எலும்பு முறிந்ததோடு போயிற்று. காய் எடுக்க வந்த பெண்களில் ஒருத்தி, அவள் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்த பேச்சி, அந்த இடத்திலேயே இறந்துபோனாள். அப்போது முத்துப்பிரியா ஐந்தாம் வகுப்பு.

எலும்பு கூடிவிட்டது. அன்னக்கொடி இனிமேல் ஜீப்பில் ஏறமாட்டேன் என்றாள். அதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. கொஞ்ச நாளில் பஸ்சும் வேண்டாம் என்றாள். பிறகு ஒருநாள் மார்க்கெட்டில் கூட்டத்துக்குள் நிற்கும்போது நெஞ்சு அடித்துக்கொண்டு, மூச்சு முட்டி, இதோ செத்துவிட்டோம் என்று தோன்ற, வாங்கின காய்கறியை அங்கேயே போட்டுவிட்டு ஓடி வந்தாள். அதோடு மார்க்கெட் நின்றது. அடுத்துக் கோயில் நின்றது. அடுத்துத் தெருமுனைக் கடை. கடைசியில் அவளுக்கு மிச்சமானது வீடும் கொல்லைப்புறமும்தான். கோடாங்கி வந்து உடுக்கை அடித்தார். பேச்சிதான் பிடித்திருக்கிறாள் என்று கயிறு கட்டினார். கயிறு நைந்து அறுந்தது, பயம் அறவில்லை. உக்கிரபாண்டி போய்ச் சொன்னதைக் கேட்டுத் தேனியில் ஒரு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அது நாள் முழுக்கத் தூங்க வைத்தது. "செத்தவ மாதிரி கெடக்குறதுக்கு நான் உசுரோடயே பயந்துக்கிட்டு இருக்கேன்" என்று அதையும் நிறுத்திவிட்டாள்.

ஆனால் வீடு நடந்தாக வேண்டுமே. அம்மாவின் கால் நின்ற இடத்திலிருந்து மகளின் கால் ஓடத் தொடங்கியது. ரேஷன், கேஸ், கரண்ட் பில், பாங்கு, அம்மா வீட்டிலிருந்தே பொறுக்கித் தரம் பிரித்துக் கொடுக்கும் ஏலக்காயைக் கடையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது, எல்லாம் முத்துப்பிரியாதான். சொந்தக்காரர் கல்யாணங்களுக்கு ஆறாம் வகுப்புப் பிள்ளை தனியாகப் போய் மொய் வைத்துவிட்டு வந்தாள். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றால் தனக்குத் தானே பெற்றோராகப் போய் உட்கார்ந்தாள். அம்மாவுக்கு வீட்டுக்குள்ளேயே பயம் வந்துவிட்டால், "பிரியா, கையப் பிடி" என்பாள். பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் இல்லம்மா, நான் இங்கனதான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு, சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை வைத்துவிட்டு, எத்தனையோ தடவை பிடித்திருக்கிறாள்.

பிளஸ் ஒன் படிக்கும்போது, ரேஷன் கடை வரிசையில் நின்றபடி போனைத் தள்ளிக்கொண்டிருந்தவளின் கண்ணில் ஒரு வீடியோ பட்டது. யாரோ ஒரு பெண்மணி தமிழில், வீட்டை விட்டு வெளியே போகப் பயப்படுகிறவர்களைப் பற்றிப் பேசினாள். மார்க்கெட், மூச்சு முட்டல், ஒவ்வொரு இடமாகக் குறைந்துகொண்டே வருவது, கூடவே ஓர் ஆள் இருந்தால்தான் தைரியம் என்று அவள் சொல்லச் சொல்ல, தன் வீட்டை யாரோ ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போய் ஊருக்குச் சொல்வது போல முத்துப்பிரியாவுக்கு இருந்தது. இது பேச்சியின் ஆவி இல்லை. இதற்கு ஒரு பேர் இருக்கிறது. பேர் இருந்தால் அதற்கு ஒரு படிப்பும் இருக்கும். பருப்பு வாங்க மறந்து, அரிசியோடு வீட்டுக்கு வந்தாள்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள், சைக்காலஜி என்று.

ரிசல்ட்டுக்குப் பிறகு வந்த சனிக்கிழமை உக்கிரபாண்டி இறங்கி வந்தார். மகள் படிப்பின் பேரைச் சொன்னதும், "டாக்டருக்கா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. மனசப் பத்திப் படிக்கிறது."

"நம்ம ஊர்ல இருக்கா?"

"அக்கம்பக்கத்துல விசாரிச்சிட்டேன், எங்கயும் இல்ல. மதுரையில ஒரு காலேஜ், கோயம்புத்தூர்ல ஒண்ணு. ரெண்டுக்கும் போட்டிருக்கேன்."

உக்கிரபாண்டி மனைவியைப் பார்த்தார். அன்னக்கொடி சுளகில் ஏலக்காயைப் பரப்பி, நிறம் மங்கின காயை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"கொழப்பமில்ல தாயி" என்றார். மேலே மலையாளிகளோடு பழகி ஒட்டிக்கொண்ட வார்த்தை அது, பரவாயில்லை என்று அர்த்தம். தோட்டத்தில் காற்று அடித்து மரம் சாய்ந்தாலும் அதைத்தான் சொல்வார். "காய்க்கு இப்ப வெல இருக்கு. நீ எங்க வேணாலும் படி. யோசிச்சு நீயே முடிவு பண்ணு."

மதுரைக் கல்லூரிக்கு நேர்முகத்துக்குச் சித்தப்பா லிங்கேஸ்வரன் கூட வந்தார். அவருக்குப் போடியில் டயர் கடை. கடையைச் சாத்திவிட்டு வந்ததைப் போகும்போதும் வரும்போதும் சொன்னார். பஸ்சில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிட்டார். "ரயிலு காலையில மதுரையில இருந்து நம்மூருக்கு வருது, சாயங்காலம் இங்கேருந்து மதுரைக்குப் போகுது. படிக்கப் போற பிள்ளைக்கு அது அப்பிடியே தலைகீழு. பஸ்சுதான் உனக்கு. விடியுமுன்ன ஏறினா ராத்திரிச் சோத்துக்கு வந்துறலாம். அண்ணிக்கும் தொணையாப் போச்சு." நேர்முகத்துக்கு முன்பே அவர் அவளை மதுரையில் சேர்த்தே முடித்துவிட்டார்.

கல்லூரியில் துறைத் தலைவர் வித்யா என்ற மேடம். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "எதுக்கும்மா சைக்காலஜி?" என்றார்.

சமூகத்துக்குச் சேவை செய்ய வேண்டும் என்று ஒரு பதிலை முத்துப்பிரியா மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். வாயைத் திறந்ததும் அம்மாவின் கதைதான் வந்தது. ஜீப்பிலிருந்து கொல்லைப்புறம் வரைக்கும் சொல்லி முடித்தாள். மேடத்தின் முகம் இளகும் என்று எதிர்பார்த்தாள். இளகவில்லை.

"அம்மாவச் சரி பண்ணணும்னு வந்திருந்தா இந்தப் படிப்பு வேணாம்மா. மூணு வருஷம் முடிச்சாலும் நீ வைத்தியம் பாக்க முடியாது. அப்பறம் எத்தனை படிச்சாலும் சொந்த அம்மாவுக்கு நீ பாக்கக் கூடாது. அவங்கள வேற யாராவதுதான் பாக்கணும். இதத் தவிர உனக்கு வேற காரணம் இருக்கா?"

முத்துப்பிரியாவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. எழுந்து வந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் அந்தக் கேள்விக்கு உண்மையிலேயே தனக்குள் ஒரு பதில் கிடப்பதை அவள் அப்போதுதான் கண்டாள்.

"எங்கப்பா தோட்டத்துக்குள்ள யானை வந்தா ஒத்தையில நின்னு வெரட்டுவாரு மேடம். அம்மா அழுதா வீட்டுக்குள்ள வரமாட்டாரு, வாசல்லயே பீடி குடிச்சிட்டு இருப்பாரு. ஒரே ஆளு. ஒண்ணுக்குப் பயப்படுறாரு, ஒண்ணுக்குப் பயப்படல. அது எப்பிடின்னு எனக்குத் தெரியணும்."

வித்யா மேடம் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு அவளை நன்றாகப் பார்த்தார். "இடம் உண்டு. வேணும்னா வந்து சேரு" என்றார்.

அடுத்துச் சித்தப்பாவோடு போய்ப் பார்த்த கோயம்புத்தூர் வேறு மாதிரி இருந்தது. அந்தக் கல்லூரியோடு ஓர் ஆலோசனை மையமும் சேர்ந்திருந்தது. சுற்றிக் காட்டிய அக்கா ஒரு சிறிய அறைக்குக் கூட்டிப் போனாள். சுவரில் பெரிய கண்ணாடி. அந்தப் பக்கம் ஒரு டீச்சர் ஒரு சின்னப் பையனோடு தரையில் உட்கார்ந்து கட்டை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தார். அவர்களுக்கு இந்தப் பக்கம் தெரியாதாம். இரண்டாம் வருஷத்திலிருந்து மாணவிகள் இங்கே நாற்காலிகளில் உட்கார்ந்து கவனித்துக் குறிப்பு எடுக்க வேண்டுமாம். பையன் அடுக்கிய கட்டையைத் தானே தட்டிவிட்டான். திரும்ப அடுக்கினான். திரும்பத் தட்டிவிட்டான். முத்துப்பிரியா சித்தப்பாவையும் மறந்து, பஸ்சையும் மறந்து நின்றாள். அந்த நாற்காலிகளில் ஒன்று தனக்கு வேண்டும் என்று இருந்தது. அந்த ஆசைக்கும் அம்மாவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. திரும்பி வரும் வழி நெடுக அதுதான் அவளை உறுத்தியது. அம்மாவுக்காகப் படிக்கிறேன் என்று இருந்தவரைக்கும் கூச்சம் இல்லாமல் கேட்க முடிந்தது. இப்போது தனக்காக ஒன்று வேண்டும் என்று எப்படிக் கேட்பது?

கோயம்புத்தூரிலும் இடம் கிடைத்தது. பணம் கட்டிச் சேரக் கடைசி நாள் ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வீட்டில் உட்கார்ந்தார்கள்.

"சொல்லு தாயி, எங்க?" என்றார் அப்பா.

முத்துப்பிரியா அம்மாவைப் பார்த்தாள். யாராவது ஒருத்தர் கூடாது என்று சொன்னால் போதும். சண்டை போடலாம், அழலாம், சாப்பிடாமல் கிடக்கலாம். தெருவில் அவளோடு படித்த பெண்கள் அப்படித்தான் சண்டை போட்டுத் திருப்பூருக்கும் சென்னைக்கும் போனார்கள். இங்கே எதிரில் யாருமே நிற்கவில்லை.

"கோயம்புத்தூரே போயிரு" என்றாள் அன்னக்கொடி. "நல்ல காலேஜுன்னு சொல்றேல்ல. எனக்கென்ன, நான் இருந்துக்கிருவேன்."

"ரேஷன் கீஷன் எல்லாம்?"

"இருளம்மாகிட்ட சொல்லி வாங்கிக்கிறேன். அவ கொண்டாந்து தருவா."

"உனக்கு அது வந்தா?"

"வந்தா வரட்டும். உனக்குன்னு ஒரு பொழப்பு இருக்குல்ல..." சொல்லி முடிப்பதற்குள் அன்னக்கொடியின் உதடு வெளுத்தது. நெஞ்சில் கையை வைத்தாள். மூச்சு மேலும் கீழும் வாங்கியது. "பிரியா" என்று கையை நீட்டினாள்.

அது நடிப்பில்லை. முத்துப்பிரியாவுக்கு அது நன்றாகத் தெரியும். பிடித்திருந்த கை ஐஸ் மாதிரி குளிர்ந்திருந்தது, உள்ளங்கை வேர்வையில் வழுக்கியது. நடிப்பாக இருந்தால் உதறிவிட்டுப் போயிருக்கலாம். உக்கிரபாண்டி எழுந்து வாசலுக்குப் போனார். பீடி நாற்றம் உள்ளே வந்தது.

அம்மாவின் மூச்சு ஒரு நிலைக்கு வந்த பிறகு முத்துப்பிரியா சொன்னாள்: "மதுரையே போதும்மா. பஸ்சுல போயிட்டு வந்துர்றேன்."

"எனக்காகச் சொல்லாத."

"இல்ல. மதுரைதான் நல்லா இருக்கு."

வாசலில் இருந்து, "கொழப்பமில்ல" என்று அப்பாவின் குரல் வந்தது. அன்றைக்குச் சாயங்காலம் அன்னக்கொடி கருப்பட்டி போட்டுப் பணியாரம் சுட்டாள். மூன்று பேருக்கும் அதிகமாகவே சுட்டு, இருளம்மாள் வீட்டுக்கும் கொடுத்தனுப்பினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சியை மகள் வெகுகாலமாகப் பார்த்ததில்லை. முத்துப்பிரியா ஒரு பணியாரத்தைப் பிட்டு வாயில் வைத்தாள். மிச்சத்தைத் தட்டோடு கொல்லைக்கு எடுத்துப் போய்க் கோழிகளுக்குப் போட்டுவிட்டு, அங்கேயே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா மேல் ஆத்திரம் வந்தது. ஆத்திரப்படுவதற்கு அம்மா என்ன தப்புச் செய்தாள் என்று தேடினால் ஒன்றும் அகப்படவில்லை. அது இன்னும் ஆத்திரமாக இருந்தது.

ஜூன் கடைசியில் கல்லூரி திறந்தது. விடியுமுன் பஸ், தேனி, ஆண்டிபட்டிக் கணவாய், உசிலம்பட்டி, ஆரப்பாளையம். அங்கிருந்து இன்னொரு டவுன் பஸ். போகும்போது தூக்கம், வரும்போது நின்றுகொண்டு பயணம். வகுப்பில் மற்றப் பெண்கள் மூன்றாவது வாரமே சேர்ந்து சினிமாவுக்குப் போனார்கள். இவள் கடைசி மணி அடிக்கும் முன்பே பையை மடியில் வைத்துக்கொண்டிருப்பாள். "போடி பஸ் கிளம்பிடுச்சு" என்று கேலி செய்வார்கள். கேலி அவளுக்குப் பிடித்திருந்தது. கேலிக்காவது அவள் அங்கே ஓர் ஆளாக இருந்தாள்.

அன்னக்கொடி போன் செய்வாள். பஸ்சில் ஏறினதும், மதுரையில் இறங்கினதும், மத்தியானம், சாயங்காலம் என்றுதான் தொடங்கியது. ஆடி மாதம் முடிவதற்குள் எந்த நேரமும் என்று ஆகிவிட்டது. போன் கிடக்கும் பையை எப்போதும் தொடையோடு ஒட்டியே வைத்திருப்பாள் முத்துப்பிரியா. அது அதிர்ந்தால் தொடையும் அதிரும்.

ஒருநாள் வித்யா மேடம் பயத்தைப் பற்றிப் பாடம் எடுக்கத் தொடங்கினார். பலகையில் கோடு ஒன்றைக் கீழிருந்து மேலே இழுத்தார். "பயம் இப்படி ஏறும். ஏறிக்கிட்டே போகும்னுதான் பயப்படுற ஆளுக்குத் தோணும். ஆனா உண்மையில..." என்று சாக்பீஸை எடுத்தபோது பை அதிர்ந்தது. முத்துப்பிரியா கையைத் தூக்கி அனுமதி கேட்டு வெளியே ஓடினாள்.

"பிரியா... வந்துருச்சுடி. மூச்சு வரல. கைய... கையெல்லாம் இழுக்குது."

"நான் இருக்கேம்மா. கீழ உக்காரு. சொவத்துல சாஞ்சுக்க. என் குரலக் கேளு."

தாழ்வாரத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வராண்டாவைப் பெருக்கிக்கொண்டு வந்த அம்மாள் இவளைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போனாள். மூடின கதவுக்குப் பின்னால் மேடத்தின் குரல் கேட்டது, வார்த்தை புரியவில்லை. அம்மாவுக்குச் சரியாகி போனை வைத்தபோது வகுப்பு முடிந்து பெண்கள் வெளியே வந்தார்கள். அந்தப் பாடத்தை அவள் இன்னொரு பெண்ணின் நோட்டிலிருந்துதான் எழுதிக்கொண்டாள், ஆடுகிற பஸ்சில், கோணல் மாணலாக. மேலே ஏறின கோடு வளைந்து தானாகவே கீழே இறங்கியிருந்தது. பக்கத்தில் ஒரு வரி: தப்பி ஓடாமலும், துணைக்கு ஆள் தேடாமலும் இருந்தால் பயம் தானே உச்சிக்குப் போய்த் தானே வடியும், ஒவ்வொரு தடவையும் யாராவது வந்து காப்பாற்றினால், காப்பாற்றியதால்தான் பிழைத்தோம் என்று மனம் கற்றுக்கொள்ளும். எழுதினாள். பரீட்சைக்குப் படிப்பதற்காக எழுதினாள், வேறொன்றும் தோன்றவில்லை.

கார்த்திகையில் செமஸ்டர் தேர்வு வந்தது. அப்போது மலையில் விடாத மழை. போடிமெட்டு ரோட்டில் மண் சரிந்து வண்டிப் போக்குவரத்து நின்றுவிட்டது. உக்கிரபாண்டி மேலேயே மாட்டிக்கொண்டார். அங்கே போன் சிக்னலும் போய்விட்டது. தேர்வு அறைக்குள் போனுக்கு அனுமதி இல்லை. அன்று காலையிலும் பிற்பகலிலுமாக இரண்டு தேர்வு. காலைத் தேர்வை முடித்து வந்து போனைத் திறந்தாள். அம்மாவிடமிருந்து வரிசையாகத் தவறிய அழைப்புகள். திரும்ப அழைத்தால் அம்மாவின் போன் அணைந்து கிடந்தது. இருளம்மாளுக்கு அடித்தாள். "நான் கம்பத்துல விசேச வீட்டுல இருக்கேன்டி, நாளைக்குத்தான் வருவேன். அங்க விடியக்காலையில இருந்தே கரண்டு இல்லன்னு சொன்னாக" என்றாள் அவள். சித்தப்பா சரக்கு எடுக்கத் திருச்சி போயிருந்தார்.

பிற்பகல் தேர்வை எழுதாமல் பஸ் ஏறினாள்.

அந்தப் பயணத்தை அவளால் பிறகு சரியாக நினைவுபடுத்திக்கொள்ள முடியவில்லை. கணவாயில் ஒரு லாரி பழுதாகி நின்றதும், ஜன்னல் வழியாக மழை நனைத்ததும், தானும் மூச்சு விட முடியாமல் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருந்ததும் தெரியும். நெஞ்சு அடித்துக்கொண்டது. உள்ளங்கை வேர்த்தது. பக்கத்தில் இருந்த ஆள், "தண்ணி வேணுமா பாப்பா?" என்று கேட்டார். ஒவ்வொரு ஊரும் வந்து போக, வீட்டில் என்ன பார்க்கப் போகிறோம் என்று ஒவ்வொரு விதமாகப் பார்த்துவிட்டாள். போடியில் இறங்கி, ஆட்டோ பிடிக்கக்கூடத் தோன்றாமல் ஓடினாள்.

கதவைத் தள்ளினால் திறந்தது. கொல்லைப் பக்கத்து வெளிச்சத்தில் காலை நீட்டி உட்கார்ந்து அன்னக்கொடி ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சுளகு பாதிக்கு மேல் முடிந்திருந்தது.

"என்னடி, வெரசா வந்துட்ட? பரிச்ச இல்லயா?"

முத்துப்பிரியா நனைந்த துணியோடு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "காலையில அத்தன தடவ அடிச்சிருந்தியே?"

"ஆமா. வந்துச்சு. உன்னைய கூப்பிட்டேன், நீ எடுக்கல. அப்பறம் போனுல சார்ஜு போயிருச்சு."

"அப்பறம்?"

"அப்பறம் என்னத்த. போயிருச்சு."

"எப்பிடிம்மா போச்சு?"

"எனக்கென்ன தெரியும். செத்தேன்னுதான் நெனச்சேன். இந்தச் சொவத்துல சாஞ்சு கெடந்தேன். எம்புட்டு நேரமோ. அது பாட்டுக்கு போயிருச்சு. எந்திரிச்சு சோறு வச்சேன்." இதைச் சொல்லும்போது அன்னக்கொடி மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. செய்யக் கூடாத எதையோ செய்து பிடிபட்ட மாதிரி, குரலில் ஒரு கடுப்பு இருந்தது. "இதுக்காகவா பரிச்சய விட்டுட்டு ஓடியாந்த?"

முத்துப்பிரியா எழுந்து உள்ளே போய் உடை மாற்றினாள். நோட்டில் கோணலாக எழுதின அந்த வரி அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, உடம்பே கூசுகிற மாதிரி. ஐந்தாம் வகுப்பிலிருந்து பிடித்த கை. ஒவ்வொரு தடவையும் தான் பிடித்ததால்தான் அம்மா பிழைத்தாள் என்று அம்மாவும் நம்பினாள், இவளும் நம்பினாள். கோயம்புத்தூரை விட்டதும் இதே நம்பிக்கையில்தான். அம்மா வீட்டைப் பூட்டிக்கொண்டாள் என்றால், உள்ளே இருந்து கதவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது யார்? அந்த எண்ணத்தில் அவளுக்கு நிம்மதி வரவில்லை. பயமாகத்தான் இருந்தது.

ஜனவரியில் விடுதியில் ஓர் இடம் காலியானது. முத்துப்பிரியா யாரிடமும் கேட்காமல் பேரைக் கொடுத்துவிட்டு வந்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம் அப்பாவும் இருக்கும்போது சொன்னாள்.

"காலேஜ் ஹாஸ்டல்ல சேரப் போறேன். வெள்ளிக்கெழம வருவேன், ஞாயித்துக்கெழம போயிருவேன்."

உக்கிரபாண்டி வழக்கம்போல, "கொழப்ப..." என்று தொடங்கினார்.

"கொழப்பம் இருக்குப்பா" என்றாள் முத்துப்பிரியா. "நீங்களும் வாசல்ல போயி நின்னுக்கிராதீங்க. உக்காருங்க."

அவர் எழுந்த இடத்திலேயே உட்கார்ந்தார். வீட்டில் யாரும் அவரிடம் அப்படிப் பேசியதில்லை.

அன்னக்கொடியின் கை நெஞ்சுக்குப் போயிற்று. மகளை நோக்கி நீண்டது. முத்துப்பிரியா எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். தன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். "நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேம்மா. போகும். அன்னைக்குப் போச்சுல்ல, அது மாதிரி போகும்." நீட்டிய கை கொஞ்ச நேரம் காற்றில் நின்றது. பிறகு அம்மா அதைத் தரையில் ஊன்றிக்கொண்டாள். மூச்சு ஏறியது, இறங்கியது. அந்த நேரம் முழுக்க முத்துப்பிரியா தன்னை ஒரு கொலைகாரி போல உணர்ந்தாள்.

அடங்கிய பிறகு அன்னக்கொடி சொன்னது ஒன்றுதான். "படிச்சு இதத்தான் கத்துக்கிட்டயா?"

அதன் பிறகு மகளோடு அவள் பேசவில்லை. முத்துப்பிரியா பெட்டியோடு கிளம்பியபோது அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் சோறு போட்டாள், தலைக்கு எண்ணெய் எடுத்து வைத்தாள், வாயைத் திறக்கவில்லை. போனும் வரவில்லை. விடுதியில் முத்துப்பிரியாவுக்குக் கட்டில் இருந்தது, தோழிகள் இருந்தார்கள், சாயங்காலம் என்று ஒன்று இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. மற்றவர்கள் கடைத்தெருவுக்குக் கிளம்பும்போது இவள் அதிராத போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பஸ்சில் தொங்கிக்கொண்டு போன காலத்திலாவது போய்ச் சேர ஓர் இடம் இருந்தது.

உக்கிரபாண்டி ஒன்று செய்தார். தோட்டத்துக்கு ஒரு காவல் ஆளை வைத்துவிட்டு வாரத்தின் நடுவிலும் ஒருமுறை இறங்கி வரத் தொடங்கினார். ரேஷனுக்கு அவரே வரிசையில் நின்றார். அன்னக்கொடிக்குப் பயம் வந்தால் வாசலுக்குப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என்ன சொல்வதென்று தெரியாததால் மழையைப் பற்றியும் யானையைப் பற்றியும் பேசினார். இதை அவரேதான் மகளுக்குப் போனில் சொன்னார்.

இரண்டாம் வருஷம் தொடங்கின சமயத்தில் அன்னக்கொடி இருளம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சந்தைத் தாண்டி அவள் வீட்டுக்குப் போனாள். மறு வாரம் அதுவும் முடியவில்லை. அதற்கு அடுத்த வாரம் போனாள். வித்யா மேடம் மதுரையில் ஓர் ஆலோசகரின் நம்பரைத் தந்தார். அந்த அம்மா வீடியோவில் பேசிப் பார்ப்பாராம். முத்துப்பிரியா அதை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, அதைப் பற்றி அம்மாவிடம் மூச்சு விடவில்லை. அப்பா எப்படியோ பேசிச் சம்மதிக்க வைத்திருந்தார். சனிக்கிழமை காலை என்று நேரம் குறித்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை முத்துப்பிரியா வீட்டில் இருந்தாள். போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்து, வெளிச்சம் முகத்தில் படுகிறதா என்று பார்த்து, அம்மாவின் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். பிறகு பக்கத்தில் பாய் ஓரமாகத் தானும் உட்கார்ந்தாள்.

"நீ வெளிய போ" என்றாள் அன்னக்கொடி. மாதக்கணக்கில் மகளிடம் அவள் பேசின முதல் பேச்சு அது.

"நான் ஒண்ணும் பேசமாட்டேம்மா. சும்மா உக்காந்து..."

"நீ இருக்கயில நான் பேச மாட்டேன். போ. கதவச் சாத்திட்டுப் போ."

முத்துப்பிரியா எழுந்து வெளியே வந்து கதவைச் சாத்தினாள். வெயில் முகத்தில் அடித்தது. காலை எந்தப் பக்கம் வைப்பது என்று ஒரு கணம் புரியவில்லை. உள்ளே அம்மாவின் குரல் தயங்கித் தொடங்கியது. யாரோ தெரியாத ஒரு பெண்ணிடம், பேச்சியின் பேரைச் சொன்னாள். இத்தனை வருஷத்தில் முத்துப்பிரியாவிடம் அந்தப் பேரை அவள் சொன்னதே இல்லை.

"என்னடி, தெருவுல நிக்கிற?" என்று இருளம்மாள் கேட்டாள்.

"அம்மா பேசிக்கிட்டு இருக்காக அத்த."

"யார்ட்ட?"

"தெரியல."

கதவுக்குப் பக்கத்தில் நின்றால் எல்லாம் கேட்கும். அவள் தெருமுனை வரைக்கும் நடந்து, அங்கேயும் நிற்காமல், மார்க்கெட் பக்கம் திரும்பிப் போனாள்.